ரிசர்வ்

2023 டிசம்பர் 5, சாயங்காலம். மிக்ஜாம் புயல் இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு ஆந்திரப் பக்கம் நகர்ந்திருந்தது. சேலையூரில் எங்கள் தெருவில் கரண்ட் போய் இரண்டு நாள். அப்பாவின் இன்சுலின் தீர்ந்துவிட்டது. கேம்ப் ரோடு பக்கம் திறந்திருந்த ஒரே மருந்துக்கடையில் அந்த வகை இல்லை. மேடவாக்கத்தில் ஒரு கடையில் இருக்கிறது என்று போனில் சொன்னார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகும்போது பெட்ரோல் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அதை நான் பொருட்படுத்தவில்லை. ஒன்றரை வருடமாகவே அது அப்படித்தான் எரிகிறது. டேங்க் நிரம்ப பெட்ரோல் போட்ட அன்றும் எரியும். பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது ஸ்பீடாமீட்டரில் அச்சடித்த ஒரு மஞ்சள் புள்ளி மாதிரி ஆகிவிட்டிருந்தது.

மருந்தை வாங்கிவிட்டேன். திரும்பும் வழியில் செம்பாக்கம் தாண்டியதும் வண்டி இரண்டு தடவை இருமியது, அப்புறம் நின்றது. தெருவிளக்கு கிடையாது. வழியில் பார்த்த இரண்டு பங்க்கிலும் கயிறு கட்டியிருந்தார்கள். என் இடது கை தானாகவே டேங்குக்குக் கீழே போய்த் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும் அங்கே ஒன்றும் இல்லை என்று. பத்து வருடமாக ஓட்டுகிற வண்டி. இருந்தாலும் கை போனது.

கை தேடியது ரிசர்வ் குமிழை.

ரொம்ப தூரம் தள்ளவில்லை. உணவு டெலிவரி செய்யும் பையன் ஒருவன் பின்னால் வந்து, தன் வண்டியிலிருந்தபடியே என் வண்டியின் ஃபுட்ரெஸ்டில் ஒரு காலை வைத்து ராஜகீழ்ப்பாக்கம் வழியாகக் கேம்ப் ரோடு வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டான். தமிழ்நாட்டில் இதற்கு யாரும் காசு வாங்குவதில்லை, பெயரும் சொல்வதில்லை. எட்டு மணிக்குப் போட வேண்டிய ஊசி பத்தரைக்கு ஆனது. அப்பா டார்ச்சோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, ரிசர்வ் போடலையா?"

"இதுல ரிசர்வ் கிடையாதுப்பா. விளக்குதான்."

"விளக்கு எரியலையா?"

"எரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு அந்த விளக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்தான் கொஞ்சம் வரலாறு படிக்க வேண்டியதாயிற்று.

நாற்பது வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, சின்னவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய வண்டிகளில் டேங்கின் அடியில் ஒரு குழாய்த் திருகு இருக்கும். ஆன், ஆஃப், ரிசர்வ் என்று மூன்று நிலைகள். டேங்குக்குள்ளே அந்தத் திருகிலிருந்து இரண்டு குழல்கள் மேலே நிற்கும், ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஆனில் இருந்தால் உயரமான குழலின் வாய் வழியாகத்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் அந்த வாய்க்குக் கீழே போனதும் எஞ்சின் திணறும். ஓட்டிக்கொண்டே குனிந்து திருகை ரிசர்வுக்குத் திருப்பினால் குட்டைக் குழல் வழியாக மிச்சம் இறங்கும். அந்த மிச்சத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் போகலாம். மின்சாரம் இல்லை, ஒயர் இல்லை, விளக்கு இல்லை. மொத்தக் கருவியும் இரண்டு குழல்களின் உயர வித்தியாசம்தான்.

ஆரம்ப நாட்களில் பெட்ரோல் டின்னில் விற்கப்பட்டபோது எத்தனை டின் ஊற்றினோம் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். ஃபோர்டின் மாடல் டி காரில் முன் சீட்டுக்குக் கீழே டேங்க். சீட்டைத் தூக்கி ஒரு மரக்குச்சியை விட்டுப் பார்ப்பார்கள், எங்கள் வீட்டு அரிசி டிரம்மில் அம்மா கையை விட்டுப் பார்ப்பது மாதிரி. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1960களின் தொடக்கம் வரை பெட்ரோல் மானி இல்லாமலேதான் வந்தது. காலால் தள்ளுகிற ஒரு ரிசர்வ் நெம்புகோல் மட்டும் இருந்தது. கார்களில் முள் வந்து ரொம்ப காலத்துக்குப் பிறகும் மோட்டார் சைக்கிளில் திருகுதான். டேங்க் சின்னது, மேடு பள்ளத்தில் குலுங்கும், மிதவையை நம்பி முள் வைப்பது செலவு. திருகுக்கு எந்தச் செலவும் இல்லை.

நம் ஊரில் இந்தத் திருகின் காலம் நீண்டது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. பக்கத்திலேயே மணலியில் 1969இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. வண்டியும் வடசென்னை, பெட்ரோலும் வடசென்னை. நாங்கள் தென் கோடியில் வாங்கி ஓட்டுகிறவர்கள். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50, 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருடம் யமஹா ஆர்எக்ஸ் 100. இத்தனையிலும் ரிசர்வ் இருந்தது. சிடி 100 விளம்பரம் பெட்ரோலைப் போட்டு மூடிவிட்டு மறந்துவிடச் சொன்னது. மறந்தவர்களையும் ரிசர்வ் காப்பாற்றியது.

அப்பாவிடம் இருந்தது பஜாஜ் சேத்தக். அவருக்கு வேலை தாம்பரம் ரயில்வே கார் ஷெட்டில். மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்ப்பது. ஸ்கூட்டரில் திருகு சீட்டுக்குக் கீழே, முன்பக்கமாக இருக்கும். வண்டி திணறியதும் கால்களுக்கு நடுவே கையை விட்டு அதைத் திருப்பிவிடுவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது என்று அவர் நினைப்பு. "ரிசர்வ் விழுந்துடுச்சா?" என்று அம்மா கேட்பார். ரிசர்வும் தீர்ந்தால் கடைசி வித்தை: வண்டியை ஒரு பக்கமாகச் சாய்ப்பது. மூலையில் தேங்கிய பெட்ரோல் குழல் வாய்க்கு வந்து சேரும். அரை கிலோமீட்டர் கிடைக்கும். பங்க் அரை கிலோமீட்டரில் இருந்தால் புத்திசாலி, இல்லாவிட்டால் முட்டாள்.

இதைப் பொற்காலமாக எழுத எனக்கு விருப்பமில்லை. திருகும் ஏமாற்றும். பெட்ரோல் போட்ட பிறகு குமிழை மறுபடி ஆனுக்குத் திருப்ப வேண்டும். மறந்துவிட்டால் ரிசர்வையும் சேர்த்தே குடித்துக்கொண்டு வண்டி ஓடும், அடுத்த முறை நிற்கும்போது மிச்சம் எதுவும் இருக்காது. அப்பாவுக்கு அது ஒருமுறை நடந்தது. செங்கல்பட்டில் ஒரு கல்யாணம் முடிந்து ஜிஎஸ்டி ரோட்டில் இரவு வரும்போது, வண்டலூர் பக்கத்தில். அன்று என்னை வயிற்றில் சுமந்துகொண்டு அம்மா நடந்தார். முப்பத்தைந்து வருடம் கழித்தும் எங்கள் வீட்டில் அந்தச் சண்டை முடியவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ரிசர்வ் எச்சரிக்கை மட்டும் கொடுப்பதில்லை, எச்சரிக்கிற பொருளையே கையில் வைத்திருந்து தருகிறது. "தீர்ந்துவிட்டது" என்று வண்டி சொல்லும்போது உண்மையில் தீரவில்லை. வண்டி நின்றே காட்டுவதால் கவனிக்காமல் இருக்கவும் முடியாது. பேச்சுத் தமிழில் இந்தச் சொல் ஊன்றிக்கொண்டது அதனால்தான் என்று நினைக்கிறேன். மாதக் கடைசியில் "ரிசர்வுல ஓடிட்டு இருக்கேன்" என்று சொல்லாத சம்பளக்காரர் உண்டா? டேங்க் நிரப்புகிற வழக்கம் நம்மில் பாதிப் பேருக்குக் கிடையாது. நூறு ரூபாய்க்குப் போடுங்க அண்ணே, என்போம். விலை ஏறினாலும் நூறு ரூபாய்தான். லிட்டர்தான் குறையும். அப்படி ஓடுகிற வண்டி ஆயுளின் பெரும்பகுதியை மட்டத்தின் அடியிலேயே கழிக்கிறது. காரில் போகிறவருக்கு அந்த விளக்கு எப்போதாவது வரும் செய்தி. நூறு ரூபாய்க்காரருக்கு அது தினசரி.

மிச்சம் வைத்துக்கொள்வதன் உச்சத்தைக் காட்டியவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். 1990களில் பொருளாதாரத் தடை காரணமாகப் பெட்ரோல் அங்கே கிட்டத்தட்டப் போகவே இல்லை. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயில் குளிர்ந்த எஞ்சின் கிளம்பாது. அது சூடான எஞ்சினில்தான் ஒழுங்காக ஆவியாகும். ஆகவே ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெட்ரோலை வைத்திருந்து, கிளப்புவதற்கு மட்டும் கார்புரேட்டருக்குள் சில துளி விட்டார்கள். நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில் அந்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். அந்தப் போத்தலின் அளவை விரலால் காட்டுவார். அவருக்கு ரிசர்வ் என்பது சட்டைப் பைக்குள் அடங்குகிற விஷயம்.

திருகு போனதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. எரிபொருள் தெளிப்பு முறை, அதாவது நாம் எஃப்ஐ என்று சொல்வது. 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ வந்தபோது நம் சாதாரண பைக் சந்தைக்கு அது புதுசு. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 மாசுக் கட்டுப்பாடு வந்ததும் கார்புரேட்டர் கிட்டத்தட்ட முடிந்தது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் புவியீர்ப்பில் சொட்டினால் போதும். எஃப்ஐக்கு டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிற ஒரு மின்சார பம்ப், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தில் தள்ள வேண்டும். பம்ப் டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சுகிறது. உயரக் குழல், குட்டைக் குழல் என்ற ஏற்பாட்டுக்கு அங்கே இடமில்லை. போதாததற்கு அந்தப் பம்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். வறண்டு ஓடினால் சூடாகும், தேயும். பழைய வண்டியில் பெட்ரோல் தீர்வது ஒரு அசௌகரியம். எஃப்ஐ வண்டியில் அது ஒரு பாகத்தின் ஆயுள். இப்படி, எச்சரிக்கை அதிகம் தேவைப்படுகிற வண்டியில் கையிருப்பை எடுத்துவிட்டு விளக்கு மட்டும் வைத்தார்கள்.

விளக்கு எப்படித் தெரிந்துகொள்கிறது? சிலவற்றில் மிதவை. என் வண்டி மாதிரி முள் இல்லாமல் விளக்கு மட்டும் உள்ள சிலவற்றில் தெர்மிஸ்டர் என்ற மிளகு அளவுப் பொருள். 1833இல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடைச் சூடாக்கியபோது அதன் மின்தடை குறைவதைக் கவனித்தார். உலோகங்கள் நேர் எதிர். சூடானால் தடை கூடும். விசித்திரமான கவனிப்பாக நூறு வருடம் கிடந்ததை 1930 வாக்கில் அமெரிக்காவின் சாமுவேல் ரூபன் விற்கக்கூடிய பாகமாக்கினார். டேங்கில் அதை வைக்கிற யுக்தி அழகானது. அதன் வழியாக எப்போதும் சிறிது மின்சாரம் ஓடும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும்போது உண்டாகும் சூட்டைப் பெட்ரோல் இழுத்துக்கொள்ளும். தெர்மிஸ்டர் குளிர்ந்து, தடை அதிகமாக, விளக்கு அணைந்து கிடக்கும். மட்டம் இறங்கிக் காற்றில் வெளிப்பட்டால் சூடு தங்கும், தடை விழும், மின்சாரம் கூடும், இன்னும் சூடாகும். ஒரு நிமிடம் போல ஆகி விளக்கு எரியும்.

அந்தத் தாமதத்தைக் குறை என்று முதலில் நினைத்தேன். குலுங்குகிற டேங்கில் அதுதான் வரம். 1969 ஜூலை 20 அன்று நிலாவில் இறங்கிக்கொண்டிருந்த அப்போலோ 11 ஓடத்திலும் இப்படி ஒரு குறை எரிபொருள் விளக்கு இருந்தது. சுமார் 5.6 சதவீதம் மிச்சம் இருக்கும்போது எரிய வேண்டும். எரிந்ததும் ஹூஸ்டனில் கடிகாரத்தை ஓடவிட்டார்கள். சார்லஸ் டியூக் அறுபது வினாடி, முப்பது வினாடி என்று சொல்லிக்கொண்டே வந்தது அந்தக் கணக்குதான். பிறகு ஆராய்ந்தபோது தொட்டிக்குள் எரிபொருள் அலையடித்ததில் விளக்கு முன்கூட்டியே எரிந்துவிட்டது தெரிந்தது. எல்லோரும் பயந்ததைவிட எரிபொருள் மிச்சம் இருந்திருக்கிறது. பின்னால் வந்த ஓடங்களில் அலையைத் தடுக்கும் தகடுகளைச் சேர்த்தார்கள். வேளச்சேரி மெயின் ரோட்டுப் பள்ளங்களுக்கு நமக்குத் தகடு கிடையாது. மிளகு அளவுப் பொருள் சூடாக எடுத்துக்கொள்ளும் ஒரு நிமிடம்தான்.

சரி, என் விளக்குக்கு என்ன ஆனது? கரண்ட் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். டேங்கை வேண்டுமென்றே காலியாகவே வைத்திருந்தேன். என் தொழிலில் தினமும் செய்வதுதான் இது. பாதியை வெட்டி, பிழை எந்தப் பாதியில் என்று பார்ப்பது. சென்சாரிலிருந்து வரும் கனெக்டரைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது. அப்படியானால் ஒயர் எங்கும் உரசி எர்த் ஆகவில்லை. கழற்றிய கனெக்டரில் வண்டிப் பக்கத்து இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்தேன். பளிச்சென்று எரிந்தது. விளக்கும் ஒயரிங்கும் சரி. ஆகவே சென்சார் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அதன் தடையை அளந்தால் ஆயிரம் ஓம்மைத் தாண்டிக் காட்டியது. குளிர்ந்த தெர்மிஸ்டர் காட்ட வேண்டியதைத்தான் காட்டுகிறது. அதிலும் குறை சொல்ல முடியவில்லை. மூன்றும் நல்லது, சேர்த்தால் கெட்டது. சாஃப்ட்வேர்காரனுக்கு ரொம்பப் பழகிய நரகம்.

அப்பா காபி டம்ளரோடு படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பல்பு எது?" என்றார்.

"எல்இடிப்பா. புதுப்பேட்டைல வாங்கி நானே மாத்தினேன். பழசு மங்கலா இருந்துதுன்னு."

"எப்ப?"

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு.

அப்பாவுக்கு தெர்மிஸ்டர் தெரியாது. ஆனால் கார் ஷெட்டில் முப்பது வருடம் கையில் டெஸ்ட் லாம்ப்போடு திரிந்தவர். பல்பு என்பது வெளிச்சம் மட்டும் இல்லை, அது ஒரு லோடு என்பது அவருக்கு விரலில் இருக்கிற அறிவு. "அது குடிக்கிற கரண்ட் வேற, இது குடிக்கிற கரண்ட் வேற" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய இழை பல்பு 1.7 வாட். எரியும்போது சுமார் 140 மில்லி ஆம்பியர் இழுக்கும். குளிர்ந்த தெர்மிஸ்டர் பத்து மில்லி ஆம்பியர் போலத்தான் விடும், அதில் இழை சிவக்கக்கூடச் செய்யாது. எல்இடிக்கோ அந்தச் சொற்பமே போதும். அதனால்தான் டேங்க் நிறைந்திருந்தாலும் மங்கலாக எரிந்தது.

அது பாதிதான். இன்னொரு பாதி இன்னும் மோசம். தெர்மிஸ்டர் சூடாவதே பல்பு இழுக்கிற மின்சாரத்தால். எல்இடி கொஞ்சமாகக் குடிப்பதால் அதன் வழியே சூடாக்கும் அளவுக்கு மின்சாரம் ஓடவே இல்லை. பெட்ரோல் வற்றிக் காற்றில் நின்றபோதும் அது குளிர்ந்தே கிடந்தது. நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் ஒரே மங்கல் வெளிச்சம். அந்த இழை பல்பை நான் காட்சிப் பொருள் என்று நினைத்திருந்தேன். அது சென்சாரில் பாதி. செய்தியை வாசிக்கிற இடத்தில் இருந்துகொண்டு செய்தியை உண்டாக்குவதில் பங்கெடுத்தது. அதை மாற்றியவன் நான். மாற்றிய அன்றே தப்பாக எரிவதைப் பார்த்து, "சென்சார் கொஞ்சம் மக்கர்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டவனும் நான்.

எப்போதும் எரிகிற விளக்கும் எப்போதுமே எரியாத விளக்கும் பொறியியலில் ஒன்றுதான் என்று எங்களுக்குப் பாடம் நடத்துவார்கள். அலுவலகத்தில் அப்படிப்பட்ட அலாரங்களை நானே எத்தனையோ தடவை திட்டி நீக்கியிருக்கிறேன். வீட்டு வாசலில் நின்ற வண்டியில் ஒன்றரை வருடம் பார்த்துக்கொண்டே போய் வந்தேன்.

பழைய பல்பைத் தூக்கிப் போட்டிருந்தேன். அதே வாட்டில் இன்னொன்று இருபது ரூபாய்க்குக் கிடைத்தது. மாட்டிச் சாவியைத் திருப்பினேன். விளக்கு எரியவில்லை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது வினாடி போல ஆனதும் இழை முதலில் செம்பழுப்பாக, பிறகு மஞ்சளாக, மெதுவாக ஏறியது. சாவியை அணைத்து, கேனிலிருந்த மூன்று லிட்டரை ஊற்றி, மறுபடி திருப்பினேன். எரியவில்லை. இரண்டு நிமிடம் காத்திருந்தோம். எரியவே இல்லை.

"இப்ப சரி" என்றார் அப்பா. எழுந்து வந்து, ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியை இடம் வலமாக நாலு ஆட்டு ஆட்டி, டேங்கில் காதை வைத்துக் கேட்டார். "மூணு இருக்காது. ரெண்டே முக்கால்."

கேனில் கால் லிட்டர் மிச்சம் இருந்தது.